காமா கதிரால் பாலிமர் வளர்த்தல்: பாலிஎத்திலீன் படலத்தில் அக்ரிலிக் அமிலச் சங்கிலிகளை ஒட்டவைக்கும் முழுமையான வழிகாட்டி

பாலிஎத்திலீன் படலம் தண்ணீரை ஏற்காது, உலோக அயனிகளையும் பிடிக்காது. அதன் மீதும் உள்ளும் அக்ரிலிக் அமிலச் சங்கிலிகளை வேதிப்பிணைப்போடு வளர்த்துவிட்டால், அதே படலம் நீரை உறிஞ்சும், செம்பு, சோடியம் போன்ற அயனிகளை மாற்றிக்கொள்ளும். வெள்ளி ஆக்சைடு பட்டன் பேட்டரிகளுக்குள் மின்முனைகளைப் பிரிக்கும் படலங்கள் இம்முறையில் செய்யப்பட்டன. ஜப்பானின் தகாசாகி ஆய்வு நிலையம் இதை இன்னும் பெரிய வேலைக்குக் கொண்டுபோனது. நெய்யாத துணியில் அக்ரிலோநைட்ரைலையும் மெத்தாக்ரிலிக் அமிலத்தையும் கதிர்வீச்சால் வளர்த்து, யுரேனியத்தைப் பிடிக்கும் அமிடாக்சைம் தொகுதியாக மாற்றி, 1999 முதல் 2001 வரை கடலில் மூழ்கடித்து எடுத்தார்கள். ஒரு கன மீட்டருக்கு 3 மில்லிகிராம் யுரேனியமே உள்ள கடல்நீரிலிருந்து, சுமார் 350 கிலோ துணியால், யெல்லோ கேக் எனும் யுரேனிய ஆக்சைடுத் தூள் கணக்கில் 1 கிலோவுக்கு மேல் யுரேனியம் கிடைத்தது.

இங்கே நாம் செய்யப்போவது அதன் எளிய வடிவம்: மெல்லிய பாலிஎத்திலீன் படலம், அக்ரிலிக் அமிலக் கரைசல், கோபால்ட்-60 காமா அறை (மாதிரியை உள்ளே வைத்துக் கதிர்படுத்தும் கருவி). கதிர்வீச்சு பாலிமராக்கத்தின் எல்லா முக்கியச் சிக்கல்களும் இந்த ஒரே சோதனையில் வந்துவிடும்.

கதிர் எதைத் தொடங்கிவைக்கிறது

கோபால்ட்-60 வெளியிடும் காமா கதிர்களின் ஆற்றல் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட். வேதிப்பிணைப்பு ஒன்றை உடைக்கச் சில எலக்ட்ரான் வோல்ட்டே போதும் என்பதால் இந்தக் கதிருக்கு எந்தப் பிணைப்பும் பொருட்டல்ல. அது பொருளுக்குள் எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது. அவை மூலக்கூறுகளை அயனியாக்கி, கிளர்த்தி, கடைசியில் பாடநூல் தனி உறுப்பு என்று சொல்லும் ராடிகல்களை விட்டுச்செல்கின்றன. பாலிஎத்திலீனில் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு அறுந்து, சங்கிலியின் நடுவே ஒரு கார்பன் ராடிகல் பிறக்கிறது. அங்கே மோனோமர், அதாவது சங்கிலியாகக் கோக்கப்படும் சிறு மூலக்கூறு (நம் சோதனையில் அக்ரிலிக் அமிலம்), வந்து சேர்ந்தால் கிளைச் சங்கிலி வளரத் தொடங்கும். இதையே கிராஃப்டிங் என்கிறோம்.

தண்ணீரில் நடப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 100 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உறிஞ்சப்பட்டால் நீரேறிய எலக்ட்ரான் 2.7, ஹைட்ராக்சில் ராடிகல் 2.7, ஹைட்ரஜன் அணு 0.55 உருவாகின்றன. மொத்தம் கிட்டத்தட்ட 6. இந்த எண்ணுக்கு ஜி மதிப்பு என்று பெயர். ஜி 1 என்றால் ஒரு ஜூலுக்கு 0.1036 மைக்ரோமோல். ஒரு கிலோ பொருளில் ஒரு ஜூல் இறங்கினால் அது ஒரு கிரே. ஆகவே ஒரு கிலோகிரே டோஸில் ஒரு லிட்டர் நீர்க்கரைசலில் சுமார் 0.6 மில்லிமோல் ராடிகல் பிறக்கும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். ஆக்சிஜன், தடுப்பான், தூய்மைக்கேடு என்று எது குறுக்கே வந்தாலும், அது எத்தனை நிமிடம் வேலையைக் கெடுக்கும் என்று இதை வைத்தே கணக்கிடலாம்.

மோனோமருக்கு மோனோமர் இந்த எண் பெரிதும் மாறும். ஸ்டைரீனில் 0.7 அளவே, ஏனெனில் பென்சீன் வளையம் ஆற்றலை வாங்கி உடையாமல் ஆற்றிவிடும். வினைல் அசிடேட், மெத்தில் மெத்தாக்ரிலேட் ஆகியவற்றில் இதைப்போல் பல மடங்கு. ஒரே டோஸில் இரண்டு மோனோமர்களை ஒப்பிட்டு ஒன்று "மந்தமானது" என்று முடிவுகட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

பெராக்சைடு, ஏஐபிஎன் போன்ற தொடக்கிகள் உடைய 60 முதல் 80 டிகிரி வெப்பம் தேவை. கதிருக்கு அது தேவையில்லை. தொடங்கும் வேகம் வெப்பநிலையைச் சார்ந்ததல்ல. அறை வெப்பத்தில் நடத்தலாம், உறைநிலைக்குக் கீழேயும் நடத்தலாம். ஐசோபியூட்டிலீனைக் கழித்தல் 78 டிகிரியில் கதிர்வீச்சால் பாலிமராக்க முடியும், அங்கே வேலை செய்வது ராடிகல் அல்ல, நேரயனி. மிக நன்றாக உலர்த்திய ஸ்டைரீனும் இந்த அயனி வழிக்கு மாறும். நம் சோதனையில் தண்ணீரே கரைப்பான் என்பதால் ராடிகல் வழி மட்டுமே.

டோஸும் டோஸ் ரேட்டும் ஒன்றல்ல

கதிர்வீச்சு பாலிமராக்கத்தில் கட்டுப்பாடு என்பதன் பெரும்பகுதி இதில் அடங்கும். டோஸ் என்பது மொத்தம் எவ்வளவு ஆற்றல் இறங்கியது என்பது. டோஸ் ரேட் என்பது அது எவ்வளவு வேகமாக இறங்கியது என்பது. ராடிகல்கள் இரண்டு சந்தித்தால் இரண்டும் முடிந்துபோகும். கூட்டம் அதிகமானால் சந்திப்பும் அதிகம். அதனால் பாலிமராக்க வேகம் டோஸ் ரேட்டின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே உயர்கிறது, சங்கிலி நீளமோ அதே வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைகிறது.

எண்ணாகப் பார்த்தால் தெளியும். டோஸ் ரேட்டை 4 மடங்காக்கினால் வேகம் 2 மடங்குதான். அதே 10 கிலோகிரே டோஸை இப்போது கால் பங்கு நேரத்தில் கொடுத்து முடித்திருப்பீர்கள். ஆக, கிடைக்கும் பாலிமர் பாதி, சங்கிலியின் நீளமும் பாதி. எலக்ட்ரான் கற்றைக் கருவிக்குப் போனால் வேறுபாடு இன்னும் பெரிது. மணிக்கு 1 கிலோகிரே எங்கே, நொடிக்கு 1 கிலோகிரே எங்கே! 3600 மடங்கு, அதன் வர்க்கமூலம் 60. "20 கிலோகிரேயில் செய்தது" என்று மட்டும் எழுதிய செய்முறையை யாராலும் திரும்பச் செய்ய முடியாது. டோஸ் ரேட்டையும் வெப்பநிலையையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

படலத்துக்குள் இந்த விதி கொஞ்சம் வளையும். வளரும் சங்கிலிகள் பிசுபிசுப்பான இடத்தில் மாட்டிக்கொள்வதால் ஒன்றையொன்று சந்திப்பது அரிதாகி, வேகம் திடீரென ஏறும். மறுபுறம், டோஸ் ரேட் மிக அதிகமானால் மோனோமர் உள்ளே பரவி வந்து சேர்வதற்குள் ராடிகல்கள் தீர்ந்துவிடும், கிராஃப்டிங் மேற்பரப்போடு நின்றுவிடும். படலத்தின் முழுத் தடிமனிலும் சீராக வேண்டும் என்றால் குறைந்த டோஸ் ரேட்டே நல்லது. எங்கள் பரிந்துரை மணிக்கு 1 கிலோகிரே அளவு.

படி 1: அறையின் டோஸ் ரேட்டை அளத்தல்

இந்திய ஆய்வகங்களில் பரவலாக இருப்பது இந்திய அணுசக்தித் துறையின் பிரிட் நிறுவனம் தயாரிக்கும் காமா அறை 5000. கருவியின் சான்றிதழில் உள்ள எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு, மாதத்துக்குச் சுமார் 1.1 சதவீதம் குறையும். தேதி பார்த்துத் திருத்துவதோடு, நீங்கள் வைக்கப்போகும் அதே குப்பியில், அதே இடத்தில் ஃப்ரிக்கே கரைசலால் (டோஸ் அளக்கும் இரும்புக் கரைசல்) அளந்து சரிபாருங்கள்.

ஒரு லிட்டர் ஃப்ரிக்கே கரைசலுக்கு: மோர் உப்பு (ஃபெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்) 0.392 கிராம், சோடியம் குளோரைடு 0.058 கிராம், அடர் கந்தக அமிலம் 22 மி.லி., மீதி இருமுறை வடித்த நீர். அமிலத்தை நீரில் மெல்ல ஊற்ற வேண்டும், ஒருபோதும் மாற்றி ஊற்றக்கூடாது. கரைசலில் காற்று நன்றாகக் கரைந்திருக்க வேண்டும். கதிர்பட்ட பின் ஃபெர்ரஸ் இரும்பு ஃபெர்ரிக்காக மாறும். 304 நானோமீட்டரில், 1 செ.மீ. கியூவெட்டில், 25 டிகிரியில் உறிஞ்சல் எவ்வளவு கூடியது என்று பார்த்து 278ஆல் பெருக்கினால் கிரே அலகில் டோஸ் கிடைக்கும். இக்கரைசல் 40 முதல் 400 கிரே வரை மட்டுமே நம்பத்தக்கது, அதைத் தாண்டினால் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்து அளவு பொய்க்கும்.

மணிக்கு 4 கிலோகிரே தரும் அறையில் 400 கிரே ஆக 6 நிமிடமே ஆகும். மாதிரி உள்ளே இறங்கி வெளியேறும்போது வாங்கும் டோஸும் அதில் கலந்துவிடும். ஆகவே 1, 2, 3, 4 நிமிடங்களுக்குத் தனித்தனிக் குப்பிகள் வைத்து, நேரத்துக்கு எதிராக டோஸை வரையுங்கள். கோட்டின் சாய்வுதான் டோஸ் ரேட். கோடு பூஜ்ஜியத்துக்கு மேலே அச்சை வெட்டும் அளவு, உள்ளே போய்வரும் டோஸ். நடுவிலும் சுவரோரத்திலும் அளவு வேறுபடும் என்பதால் குப்பிகளுக்கு ஒரே வட்டத்தில் இடம் குறித்துவிடுவது நல்லது. டோஸ் ரேட் அதிகமாக இருந்தால் ஈய உறையால் குறைக்கலாம்.

படி 2: படலத்தைத் தயார்செய்தல்

50 மைக்ரான் தடிமனுள்ள குறை அடர்த்தி பாலிஎத்திலீன் படலத்தை 3×5 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டின் எடை சுமார் 69 மில்லிகிராம் வரும். கடையில் வாங்கும் படலத்தில் வழுக்கும் தன்மைக்காகச் சேர்த்த பொருள்களும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களும் இருக்கும், இரண்டும் ராடிகலை விழுங்கும். அசிட்டோனில் ஓரிரவு ஊறவைத்து, புது அசிட்டோனில் கழுவி, 50 டிகிரியில் வெற்றிட அடுப்பில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்துங்கள். 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு வேண்டும்.

ஏன் பாலிஎத்திலீன் என்று கேட்கலாம். அது கதிர்பட்டால் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைந்து வலுப்பெறும். 1952இல் ஆர்தர் சார்லஸ்பி பிரிட்டனின் ஹார்வெல் அணு உலையில் வைத்துக் காட்டியது இதைத்தான். டெஃப்லான் நேர்மாறு, சில கிலோகிரேயிலேயே சங்கிலி அறுந்து நொறுங்கத் தொடங்கும். பாலிபுரொப்பிலீன் இடைப்பட்டது, கதிர்பட்ட பிறகு மாதக்கணக்கில் மெதுவாக உடையும்.

படி 3: மோனோமர் கரைசல்

100 மி.லி.க்கு: அக்ரிலிக் அமிலம் 20 மி.லி., வடித்த நீர் 80 மி.லி., மோர் உப்பு 0.1 கிராம்.

அக்ரிலிக் அமிலம் 13 டிகிரியில் உறையும். உறைந்த புட்டியைச் சுடுநீரிலோ அடுப்பிலோ வைத்து உருக்குவது ஆபத்து. உறையும்போது, அமிலம் தானாகப் பாலிமராகாமல் இருக்கச் சேர்த்த தடுப்பான் ஒருபக்கம் ஒதுங்கிவிடும், உருகிய பகுதியில் தடுப்பான் இல்லாமல் வெடித்தாற்போல் பாலிமராகலாம். 15 முதல் 25 டிகிரிக்குள் வைத்திருந்து, உறைந்துவிட்டால் அறை வெப்பத்திலேயே உருகவிட்டு, நன்றாகக் கலந்த பிறகே எடுக்க வேண்டும். தோலையும் கண்ணையும் கடுமையாக அரிக்கும். கையுறை, கண்ணாடி, புகைக்கூண்டு மூன்றும் கட்டாயம்.

விற்பனைக்கு வரும் அமிலத்தில் 200 பிபிஎம் அளவு எம்இஹெச்கியூ தடுப்பான் இருக்கும். இதை வடித்து நீக்க வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். 20 சதவீதக் கரைசலில் அது லிட்டருக்கு 0.34 மில்லிமோலே வரும். கிலோகிரேக்கு 0.6 மில்லிமோல் ராடிகல் பிறக்கும் இடத்தில், முதல் அரை கிலோகிரேயோடு அதன் கதை முடியும். தடுப்பானில்லாத அக்ரிலிக் அமிலத்தை வடித்துக் கையாளும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இந்தத் தாமதம் ஒன்றுமே இல்லை. ஒரே தொகுதிப் புட்டியைக் கடைசிவரை பயன்படுத்தினால் போதும்.

மோர் உப்புதான் இந்தக் கரைசலின் உயிர். கதிர் படலத்தில் மட்டும் விழுவதில்லை, கரைசலிலும் விழுகிறது. அங்கே தனியாக வளரும் பாலிஅக்ரிலிக் அமிலம் குப்பி முழுவதையும் களியாக்கிவிடும். இரும்பு அயனிகள் கரைசலில் வளரும் சங்கிலிகளை முடித்துவைக்கின்றன. ஆனால் நீரை வெறுக்கும் பாலிஎத்திலீனுக்குள் அவை எளிதில் நுழைவதில்லை, உள்ளே வளரும் சங்கிலி தப்பிக்கிறது. 0.05 சதவீதத்துக்குக் கீழே போனால் குப்பி களியாகும். 0.25ஐத் தாண்டினால் கிராஃப்டிங்கும் சேர்ந்து படுத்துவிடும். முதல்முறை செய்பவர்கள் 0.05, 0.1, 0.25 என மூன்று அளவிலும் ஒரே டோஸில் ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 4: ஆக்சிஜனை வெளியேற்றுதல்

தோல்விகளில் பெரும்பகுதி இந்தப் படியில்தான் நேர்கிறது. ஆக்சிஜன் எந்தக் கார்பன் ராடிகலையும் கண்ட கணத்தில் பிடித்து, வளர இயலாத பெராக்சி ராடிகலாக மாற்றிவிடும். காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் அது லிட்டருக்கு சுமார் 0.26 மில்லிமோல். மூடிய குப்பியில் அதைத் தீர்க்க 400 கிரேக்கு மேல் தேவை. மணிக்கு 1 கிலோகிரேயில் இருபத்தைந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. மூடி கசிந்தாலோ, குப்பியின் மேல்பகுதியில் காற்று நிறைய இருந்தாலோ ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும், பல கிலோகிரே வீணாகும்.

படலத்தைக் கரைசலில் முழுதாக மூழ்கவைத்து, 99.99 சதவீத நைட்ரஜனை மெல்லிய ஊசியால் 30 நிமிடம் அடிமட்டத்திலிருந்து குமிழ விடுங்கள். படலத்துக்குள்ளும் ஆக்சிஜன் கரைந்திருக்கும் என்பதால் அது உள்ளே இருக்கும்போதே குமிழவிடுவது முக்கியம். ஒரே குப்பியில் பல துண்டுகள் என்றால் இடையே பாலிஎத்திலீன் வலைத்துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். ஊசி நுழையும் ரப்பர் மூடியான செப்டத்தால் இறுக்கி, ஊசியை எடுத்த உடனே அறைக்குக் கொண்டுபோக வேண்டும். எம்இஹெச்கியூ வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும், அதை நீக்கிவிட்ட கரைசல் பாதுகாப்பில்லாத கரைசல். நாளைக்கு என்று எடுத்துவைக்கக்கூடாது.

குப்பியை ஒரேயடியாக நிரப்பாதீர்கள். கதிர்பட்டால் நீரிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். வெப்பமும் உண்டு, ஆனால் அது கதிரிலிருந்து அல்ல. 1 கிலோகிரே நீரின் வெப்பநிலையை கால் டிகிரிகூட உயர்த்தாது. அக்ரிலிக் அமிலம் பாலிமராகும்போது கிராமுக்கு 1000 ஜூலுக்கு மேல் வெளிவருகிறது. 20 சதவீதக் கரைசல் முழுவதும் ஒரே மூச்சில் பாலிமரானால் வெப்பநிலை 50 டிகிரி ஏறும். 50 சதவீதக் கரைசல் கொதித்துக் குப்பியை உடைக்கும். அதிக கிராஃப்டிங் வேண்டும் என்று மோனோமரைக் கூட்டுபவர்கள் இதைக் கணக்கிட்ட பிறகே கூட்ட வேண்டும்.

படி 5: கதிர்வீச்சு

மணிக்கு 1 கிலோகிரேயில் 2, 5, 10, 15, 20 கிலோகிரே என ஐந்து குப்பிகள். குறித்த நேரத்துக்கு ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். அறையின் வெப்பநிலையைத் தொடக்கத்திலும் முடிவிலும் குறியுங்கள். கண்ணாடி பழுப்பாவது இயல்பு. கோபால்ட்-60 கதிர்பட்ட பொருள் கதிரியக்கம் பெறாது, அந்த ஆற்றல் அணுக்கருவை மாற்றப் போதாது.

வெளியே எடுத்ததும் மூடியைத் திறந்து, படலத்தை நிறைய நீரில் போட வேண்டும். உள்ளே சிக்கிய ராடிகல்கள் கதிர் நின்ற பிறகும் சங்கிலியை வளர்த்துக்கொண்டே இருக்கும். ஒரு குப்பியை உடனே திறந்து, இன்னொன்றை மறுநாள் திறந்தால் இரண்டும் வேறு சோதனைகள்.

படி 6: கழுவி, உலர்த்தி, அளத்தல்

60 முதல் 70 டிகிரி வெந்நீரில் 24 மணி நேரம், நான்கைந்து முறை நீரை மாற்றி, ஒட்டாத பாலிஅக்ரிலிக் அமிலத்தை நீக்குங்கள். படலம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் இரும்பு கார்பாக்சில் தொகுதிகளில் பிணைந்திருக்கிறது, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து மீண்டும் நீரில் கழுவ வேண்டும். பிறகு 50 டிகிரியில் வெற்றிடத்தில் உலர்த்துங்கள். அவசரத்துக்கு 150 டிகிரியில் வைத்தால் பக்கத்துப் பக்கத்து அமிலங்கள் நீரை இழந்து அன்ஹைட்ரைடாகும்.

கூடிய எடையைத் தொடக்க எடையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் கிராஃப்டிங் சதவீதம். 69 மில்லிகிராம் படலம் 96.6 ஆனால் 40 சதவீதம். கூடிய 27.6 மில்லிகிராமை அக்ரிலிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 72.06ஆல் வகுத்தால் 0.383 மில்லிமோல், அதாவது ஒரு கிராம் படலத்துக்குச் சுமார் 4 மில்லிமோல் அமிலம். இதைத் தனியாகச் சரிபார்க்கத் துண்டை 0.05 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 20 மி.லி.யில், கொஞ்சம் பொட்டாசியம் குளோரைடு சேர்த்து, மூடி ஒரு நாள் வைத்து, மீதமுள்ள காரத்தை அமிலத்தால் டைட்ரேட் செய்யுங்கள். எடைக் கணக்கைவிட டைட்ரேஷன் குறைந்தால் காரணம் மூன்றில் ஒன்று: படலம் முழுதாக உலரவில்லை, இரும்பு இன்னும் உள்ளே இருக்கிறது, அல்லது நடுப்பகுதிக்குக் காரம் போய்ச்சேரவில்லை. கழுவாத பாலிஅக்ரிலிக் அமிலம் டைட்ரேஷனிலும் அமிலமாகவே காட்டும். மறுபடி கழுவி எடை குறைகிறதா என்று பார்ப்பதே அதற்கு வழி.

முடிவுகளைப் படித்தல்

டோஸுக்கு எதிராக கிராஃப்டிங்கை வரைந்தால் முதலில் சிறு மந்தம், பிறகு ஏற்றம், கடைசியில் தட்டை. மந்தம் நீண்டால் ஆக்சிஜன். சீக்கிரமே தட்டையானால் மோனோமர் தீர்ந்துவிட்டது அல்லது கரைசல் களியாகி உள்ளே பரவ முடியவில்லை. ஓரங்கள் தடித்து நடுப்பகுதி பழையபடியே இருந்தால் இரண்டு துண்டுகள் ஒட்டிக்கிடந்திருக்கும். குறைந்த டோஸில் எடை கூடியும் நீர் உறிஞ்சல் குறைவாக இருந்தால் பதற வேண்டாம். கிராஃப்டிங் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி முன்னேறும். இருபுறத்து முனைகளும் நடுவில் சந்திக்கும்வரை உள்ளே வெறும் பாலிஎத்திலீன் இருக்கும். மின்கடத்தலோ அயனிப் பரிமாற்றமோ முழுத் தடிமனிலும் வேண்டும் என்றால் அந்தச் சந்திப்பைத் தாண்டிய டோஸ் தேவை. வெட்டிய விளிம்பில் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

சங்கிலியின் நீளமே குறியாக இருந்தால்

டோஸ் ரேட்டால் சராசரி நீளத்தைத்தான் மாற்ற முடியும், எல்லாச் சங்கிலிகளையும் ஒரே நீளமாக்க முடியாது. அதற்கு, 1998இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ராஃப்ட் முறை கதிர்வீச்சோடு நன்றாகப் பொருந்துகிறது. டைத்தியோபென்சோயேட் போன்ற சேர்மம் சங்கிலிகளை மாறிமாறி உறங்கவும் வளரவும் வைக்கும். மெத்தில் அக்ரிலேட்டையும் கியூமைல் டைத்தியோபென்சோயேட்டையும் 200க்கு 1 என்று எடுத்து 60 சதவீதம் வினை நடந்தால், சங்கிலிக்கு 120 மோனோமர், மூலக்கூறு எடை சுமார் 10,600. இங்கே டோஸ் ரேட்டைத் தாழ்வாக வைக்க வேண்டும். கதிர் புதிதாகப் பெற்றெடுக்கும் ஒவ்வொரு ராடிகலும் கணக்கில் இல்லாத ஒரு சங்கிலி. அவை ராஃப்ட் மூலக்கூறுகளைவிட மிகக் குறைவாக இருக்கும்வரைதான் நீளம் சீராக இருக்கும்.

காமா அறை அருகில் இல்லாதவர்களுக்கு

படலத்தை மட்டும் காற்றில் எலக்ட்ரான் கற்றையால் 50 கிலோகிரே அளவு கதிர்படுத்தி எடுத்துவந்து, மோனோமரை நம் ஆய்வகத்தில் சேர்க்கலாம். காற்றில் பிறந்த ராடிகல்கள் பெராக்சைடாகவும் ஹைட்ரோபெராக்சைடாகவும் படலத்தில் தங்கியிருக்கும். கழித்தல் 20 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருட்டில் வைத்தால் பாதுகாக்கலாம். பின்பு நைட்ரஜன் ஏற்றிய அதே கரைசலில் 70 டிகிரியில் 1 முதல் 4 மணி நேரம். இங்கே மோர் உப்புக்கு இரட்டை வேலை. வெப்பத்தால் மட்டும் ஹைட்ரோபெராக்சைடு உடைந்தால் படலத்தில் ஒரு ராடிகலும் கரைசலில் ஒரு ஹைட்ராக்சில் ராடிகலும் வரும், பின்னது கரைசலைக் களியாக்கும். ஃபெர்ரஸ் இரும்பு உடைத்தால் அந்த இரண்டாவது, ராடிகலாக இல்லாமல் வெறும் ஹைட்ராக்சைடு அயனியாகப் போய்விடுகிறது.

இந்த முறையில் கதிர்படுத்திய தேதி, வைத்திருந்த வெப்பநிலை, எடுத்த நேரம் மூன்றையும் ஒவ்வொரு துண்டின் உறைமீதும் எழுதிவையுங்கள். அறை வெப்பத்தில் மேசைமேல் கிடந்த துண்டும் உறைபெட்டியிலிருந்து வந்த துண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், கிராஃப்டிங் மட்டும் ஒன்றுபோல் வராது.